127 பல்

மார்ச் 4, செவ்வாய்

பட்டறை முதலாளி, எங்கள் தவுக்கே, கடையை மூடுகிறாராம். இரும்பைச் சுழற்றிச் சீவும் லேத் இன்னும் விற்றுப் போகவில்லை. 8,000 ரிங்கிட் சொல்கிறார். அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன். அப்பாவின் வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கையால் காற்றில் நீளமாக ஒரு கோடு இழுத்து, கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். லேத்தின் பெட், அதாவது கத்தி ஓடும் நீளமான இரும்புத் தளம், அதன் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்க்கச் சொல்கிறார். பேச்சு வந்திருந்தால் இதையே அரைமணி நேரம் திட்டித் திட்டிச் சொல்லியிருப்பார்.

மார்ச் 8, சனி

காலையிலேயே போய்விட்டேன். இங்கிலாந்து மெஷின், பெயர்த்தகடு உதிர்ந்து போயிருக்கிறது. புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை, அதுவே பாதி நிம்மதி. விற்பதற்காகப் பச்சைப் பெயிண்ட் பூசிய மெஷினை நான் நம்பமாட்டேன்.

இரும்பைக் கடித்துச் சுழற்றும் சக் பக்கத்தில் பெட் ஓரத்தை நகத்தால் இழுத்தேன். தட்டியது. லேசான மேடு, ஆனால் இருக்கிறது. சின்னச் சின்ன வேலை எல்லாம் சக்குக்குப் பக்கத்தில்தானே நடக்கும், அங்கேதான் தேயும். மறுகோடியில் டெயில் ஸ்டாக் பக்கம் புதுசு மாதிரி கிடக்கும். அதனால் கத்தியைத் தாங்கி நகரும் சேடிலைச் சக்குக்கு அருகே கொண்டு வந்து, ஆட்டத்தை அடக்கும் கிப் பட்டையை இறுக்கினேன். ஆட்டம் நின்றது. அப்படியே மறுகோடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். முக்கால் தூரத்தில் கனத்தது, கடைசியில் சிக்கியது. அங்கே தேயவில்லை, இங்கே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கத்தியை உள்ளே வெளியே தள்ளும் குறுக்கு ஸ்லைடில் கைப்பிடியைத் திருப்பிப் போட்டால் 0.25 மில்லிமீட்டர் வரை சும்மா சுற்றுகிறது. இதற்கு நான் பயப்படவில்லை. எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளி அளவை எடுத்தால் அந்த வெற்றுச் சுற்று வேலையில் வராது. ரொம்பப் போனால் நட் மாற்றலாம். நட் மாற்றலாம், கிப்பை இறுக்கலாம், பெயரிங்கில் மெல்லிய ஷிம் தகடு எடுக்கலாம். பெட் தேய்ந்தால்? கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு லேத்தே வாங்கிவிடலாம்.

பல்சக்கரப்பெட்டியைத் திறந்தேன். மில்லிமீட்டர் மரை வெட்டத் தேவையான 127 பல் சக்கரம் இல்லை. "அடா, அடா, நாந்தி சாரி" என்றார் தவுக்கே. இருக்கிறது, பிறகு தேடுகிறேன் என்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

கனவிலும் நகம் தட்டுகிறது.

மார்ச் 12, புதன்

ஈப்போ. அப்பாவின் பிசியோதெரபிக்கு ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. நோன்பு மாதம், அட்டெண்டன்ட் அண்ணன் களைத்துப் போயிருந்தாலும் அப்பாவைப் பொறுமையாகத் தூக்கி உட்கார வைத்தார். அப்பாவுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். விரல் மடங்கியது, பந்து மடங்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் சக்கைச் சுழற்றும் அச்சு, ஸ்பிண்டில் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வெண்கலப் பெயரிங். அடுத்த முறை சக்குக்கு அடியில் கட்டையைக் கொடுத்து மேலே நெம்பி, டயல் கேஜின் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். முள் அசையவே கூடாது என்று எதிர்பார்ப்பது தப்பு. எண்ணெய்க்கு இடம் வேண்டும். இடமே இல்லாமல் இறுக்கினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஐஎல்பி தொழிற்பயிற்சிக் கழகத்தில் படித்தபோது இதைப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். ஆலையில் அப்பா ஒரு பெயரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துச் சும்மா நின்றதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சூட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, வியாழன்

மழை. 127 பற்றி தவுக்கேயிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சோதனை வெட்டு.

முதலில் ஸ்பிண்டில். கட்டையால் நெம்பியதில் முள் 0.03 நகர்ந்தது. ஷிம் இன்னும் மிச்சம் இருக்கிறது, ஒன்றை எடுத்தால் சரியாகிவிடும். ஸ்பிண்டில் துளைக்குள் கேஜை வைத்துக் கையால் சுற்றினேன். 0.01. அந்த வயதுக்கு அழகு.

அப்புறம் 25 மில்லி இரும்புத் துண்டைச் சக்கில் கடித்து, மறுமுனைக்குத் தாங்கல் கொடுக்காமல் 100 மில்லி நீட்டினேன். நடுவைக் குறைத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் விட்டேன். கடைசியாக இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மெல்லச் சீவினேன். உடனே அளக்கவில்லை. சூட்டில் இரும்பு பெருக்கும், மைக்ரோமீட்டரைக் கையிலேயே பிடித்திருந்தால் அதுவும் பெருக்கும். ஒரு தே குடித்துவிட்டு வந்து அளந்தேன். இரண்டுக்கும் 0.06 வித்தியாசம்.

0.06. ஒரு தலைமுடி கனம். ஆலைக் கூண்டு வண்டிச் சக்கரத்துக்கு இதில் புஷ் (அச்சு சுழலும் உருளை) கடைந்து போட்டால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் ஆடும். நெஞ்சு கனத்தது. தவுக்கே என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

போகிற நேரத்தில்தான் பார்த்தேன். தரையில் கொட்டியிருந்த எண்ணெய் மெஷினின் பின்கால் பக்கமாகவே ஓடியிருந்தது.

மார்ச் 17, திங்கள்

தூக்கம் இல்லை. சிமெண்ட் இறங்கியிருந்தால் ஒரு கால் தொங்கும், பெட் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பெட்டில் கத்தி நேராகப் போகாது. அப்படியென்றால் 0.06-இல் எவ்வளவு தேய்மானம், எவ்வளவு தரை?

இன்னொன்றும் உறுத்துகிறது. தவுக்கேயும் அந்த அளவைப் பார்த்தார். மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் அவரும் நினைத்திருப்பார். தரையைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் 5,000 கேட்டால் கொடுத்துவிடுவார். எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமநிதி மூன்றாம் கணக்கில் இருப்பதை முழுக்க எடுத்தாலும் 8,000 வராது. அப்பாவின் மருந்து, வீட்டு வாடகை. ஆனால் தோட்டத்து ஆட்கள் கையில் காசில்லாமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் அடுத்த மாதம் கொடு என்று அனுப்பியவர் அவர். அப்பாவும் அப்படி எத்தனையோ முறை போயிருக்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

அப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார். "சொல்லு" என்றார். தெளிவாக வந்த சொல்.

மார்ச் 22, சனி

தவுக்கேயிடம் தரையைப் பற்றிச் சொன்னேன். கடப்பாரையால் நெம்பி, லெவலைப் பெட்டின் குறுக்கே வைத்துப் பார்த்து, பின்காலுக்கு அடியில் தகடு செருகினோம். மூன்று தகடு. மறுபடி வெட்டு, மறுபடி தே, மறுபடி அளவு. 0.02.

கத்த வேண்டும் போலிருந்தது. தவுக்கே இரண்டு வளையத்தையும் தானே அளந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தார். இருபது வருஷமாகக் கத்தியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார்.

விலை 7,200. அதற்குக் கீழே இறங்கவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. 127-ஐ மட்டும் கேட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

500 முன்பணம் கொடுத்தாயிற்று.

மார்ச் 28, வெள்ளி

ஏன் ஒரு சக்கரத்துக்கு இப்படி அலைகிறாய் என்று அத்தை கேட்டார். மெஷினின் திருகு அங்குலக் கணக்கு. இப்போது வருகிற வேலை பாதிக்கு மேல் மில்லிமீட்டர் மரை. ஓர் அங்குலம் 25.4 மில்லி, ஐந்து அங்குலம் 127 மில்லி. 127 பகா எண். சின்னச் சக்கரங்களை எப்படிச் சேர்த்துப் போட்டாலும் கிட்டத்தட்ட வரும், சரியாக வராது. நீளமான மரையில் அந்தக் கிட்டத்தட்ட சேர்ந்துகொண்டே போய் நட் பாதியில் நின்றுவிடும். அத்தை கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்றார்.

மார்ச் 31, திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், ரெண்டாங் கறி கொடுத்துவிட்டார். அப்பா இடது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டார். லாரிக்காரர் சொந்த ஊருக்குப் போய்விட்டார், லேத் வருவது அடுத்த வாரம்தான்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுப் பின்புறத் தரையை மூன்று முறை லெவல் பார்த்தேன். சுவரோரம் இறக்கம். அந்த இடம் வேண்டாம்.

ஏப்ரல் 5, சனி

தவுக்கேயின் பேரன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்தான். பழைய செய்தித்தாளில் சுற்றி, கிரீஸ் காய்ந்துபோய், ஒரு பெரிய சக்கரம். எண் பொறித்த இடம் தேய்ந்திருக்கிறது. இதே அளவில் 120-உம் உண்டு, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

எண்ண உட்கார்ந்தேன். அப்பா கையை நீட்டினார். மடியில் வைத்து, முதல் பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பல்லாக இடது விரலால் நகர்த்தி வாய்விட்டு எண்ணினார். பத்துக்குப் பிறகு சொற்கள் குழறின, இருபதில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நாற்பத்தொன்றில் வலது கை சக்கரத்தின் விளிம்பைப் பிடித்திருந்ததைக் கவனித்தேன். நான் ஒன்றும் பேசவில்லை.

அறுபத்து மூன்றில் தூங்கிவிட்டார். அந்தப் பல்லிலும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மிச்சத்தை நான் எண்ணவில்லை.