பச்சை நிற மரப் பள்ளிவாசல்

நேற்று ராத்திரி முழுக்க ஒரே ஒரு கட்டிடத்தின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போலந்தில், பெலாரஸ் எல்லையை ஒட்டி க்ருஷினியானி என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே பச்சை வண்ணம் பூசிய மரப் பள்ளிவாசல். முன்னால் இரண்டு கோபுரங்கள். உச்சியில் இருக்கும் பிறையைக் கவனிக்காவிட்டால் அந்தப் பக்கத்து மரத் தேவாலயம் என்றே நினைத்துவிடுவோம்.

போலந்து அரசர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் படையில் தாத்தார் என்ற முஸ்லிம் இனத்தைச் சேர்ந்த குதிரை வீரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பள பாக்கி. கஜானாவில் பணம் இல்லை. சரி, காசுக்குப் பதிலாக நிலம் என்று 1679இல் இந்த ஊரைக் கொடுத்தார். வந்தவர்கள் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். இப்போதுள்ள பள்ளிவாசல் அதற்கு ஒரு நூறாண்டுக்கும் பிறகு கட்டியது.

உள்ளேயும் சுவரெல்லாம் வெறும் பலகைதான். அதில் சட்டம் போட்டு மாட்டிய குர்ஆன் வசனங்கள், தரையில் கம்பளங்கள். பெண்கள் தொழும் அறைக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவே ஒரு மரத் தடுப்பு. அதில் நீளவாக்கில் ஒரு திறப்பு, மெல்லிய திரை. ஓதுவது அதன் வழியாகக் கேட்கும். அந்தத் திரையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

தாய்மொழி இந்தத் தாத்தார்களிடமிருந்து எப்போதோ போய்விட்டது. அப்புறம் போலிஷையும் பெலாரஷ்ய மொழியையும் அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்களைக் காப்பாற்றினார்கள். இதைப் படித்தபோது மனசு நெகிழ்ந்துவிட்டது.

2014இல் யாரோ பள்ளிவாசல் சுவரில் பன்றிப் படம் வரைந்து அசிங்கப்படுத்தினார்கள். முந்நூறு வருஷமாக அந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு இப்படியா செய்வது? பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது.