புகைக்குழாய் வாங்கும்போது எங்கே சிக்கனம் பார்க்கலாம்

2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, திருகோணமலையில் பல வீடுகள் விறகடுப்பை முழுவதுமாகக் கைவிடவில்லை. முற்றத்தில் கல் வைத்துச் சமைப்பவருக்குப் புகைக்குழாய் தேவைப்படாது. குசினிக்குள் மூடிய இரும்படுப்பை வைத்தவருக்கோ அடுப்பை விடக் குழாய்தான் பெரிய செலவாகிவிடுகிறது. உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் குழாய் தேடியபோது நான் விளங்கிக்கொண்டது இதுதான்: குழாய் முழுவதும் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை. அடுப்பில் புகை வெளியேறும் வாயிலிருந்து மேலே செல்லும் முதல் ஆறடிக்கும் கூரையைக் கடக்கும் இடத்துக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மற்ற இடங்களில் சிக்கனம் பார்க்கலாம்.

முதலில், மலிவாகக் கிடைப்பவற்றுள் எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. குழாய் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும். எரிந்தால் நச்சுப்புகையும் வரும். பழைய வீடுகளிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய்களைச் சிலர் சும்மாவே தருவார்கள். அவை கடுஞ்சூட்டில் வெடித்துச் சிதறக்கூடியவை. உடையும்போது பறக்கும் நார் நுரையீரலுக்குள் போய்ப் புற்றுநோயை உண்டாக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது ஆபத்து அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. பீலி செய்யும் தகரக் கடைகளில் ஆறங்குல விட்டமுள்ள கல்வனைஸ் குழாய்கள் பளபளவென்று சாத்தியிருக்கும். அப்படி ஒன்றைக் கையில் எடுத்து அதன் நீளவாட்டுப் பொருத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மடித்து அடித்த விளிம்பின் மேல் மங்கிய சாம்பல் நிறத்தில் ஈயப்பற்று ஓடியிருந்தது. நகம் பட்ட இடத்தில் மெல்லிய கோடு விழுந்தது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த அந்தப் பற்று 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். மூடிய அடுப்பின் குழாய் சாதாரண நாளிலேயே அந்தச் சூட்டைத் தாண்டும். கடைக்காரரே, "தம்பி, இது மழைத்தண்ணி போறதுக்குச் செய்தது. நெருப்புக்கு எண்டு கேட்டால் நான் தரமாட்டன்" என்று குழாயை வாங்கித் திரும்பச் சாத்திவிட்டார். விற்கக்கூடாததை விற்க மறுத்த அவரிடமே பிறகு மற்ற வேலைகளையும் கொடுத்தேன்.

ஈயப்பற்று இல்லாமல் மடிப்பால் மட்டும் பூட்டிய கல்வனைஸ் குழாயைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதன் துத்தநாகப் பூச்சு நெடுநேரம் 200 பாகைக்கு மேல் சூடேறினால் உரியத் தொடங்கும். 419 பாகையில் உருகிவிடும். திறந்த அடுப்புக்கு மேலே புகைக்கூடு கட்டி, அதன் உச்சியிலிருந்து குழாய் விடுபவர்களுக்கு இது பெரிய சிக்கலில்லை. ஏனெனில் குசினிக் காற்றும் புகையோடு கலந்து போவதால் அங்கே சூடு குறைவு. மூடிய இரும்படுப்பின் வாயில் அதை நேரடியாகப் பொருத்துவது கூடாது. அந்த இடத்துக்கு ஏற்றது பூச்சில்லாத கறுப்பு இரும்புதான். 2 மில்லிமீற்றர் தகட்டை உருட்டி வெல்டிங் செய்து தரும் பட்டறைகள் நகரில் இருக்கின்றன. கேஜ் கணக்கில் பேசுபவர்களிடம் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 24 கேஜ் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர்தான்.

கூரைக்கு மேலே நிற்கும் துண்டின் எதிரி வேறு. அங்கே சூட்டை விட உப்புக்காற்றும் வாடை மழையும்தான் இரும்பைத் தின்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலே துருப்பிடிக்காது என்பது கடலோரத்தில் எடுபடாத பேச்சு. 304 தரத்திலும் உப்புப் படிந்தால் பழுப்புப் புள்ளிகள் விழும். மொலிப்டினம் கலந்த 316 அதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்றபடி ஏறும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் நல்ல தரம் என்று காட்டுவார்கள். மலிவான 201 தரத்திலும் காந்தம் ஒட்டாது. என் கணிப்பில், வீட்டு அடுப்புக்கு 316 தேவையில்லை. மேல்துண்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்போகிறோம் என்று தீர்மானித்து, கழற்றக்கூடியபடி திருகாணியில் பொருத்தினால் 304 போதும். கடற்கரையில் ஒதுங்கிய மரத்தை எரிக்காமல் விட்டாலே குழாயின் ஆயுள் கூடும். அதில் ஊறிய உப்பு உள்ளிருந்தே அரிக்கும்.

கூரையைக் கடக்கும் இடத்தில் மட்டும் பேரம் பேச வேண்டாம். ஒரே தகட்டாலான ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 211 சொல்லும் கணக்கு. நம் வீடுகளில் பனஞ்சலாகையும் கைமரமும் அதைவிட நெருக்கமாகத்தான் ஓடும். ஆகவே கைமரங்களுக்கு நடுவில் குழாய் வரும்படி அடுப்பின் இடத்தையே நகர்த்த வேண்டும். அப்படியும் நெருக்கமாக வந்தால், காற்றோடும் இடைவெளி விட்டுத் தகரத் தடுப்பு வைத்தாக வேண்டும். கிடுகுக் கூரைக்குள் குழாய் விடுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அஸ்பெஸ்டஸ் சீட் கூரையாக இருந்தால் கிரைண்டரால் துளை போட விடாதீர்கள். அந்த ஒரு சீட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் தகரச் சீட் போட்டு அதில் துளையிட்டால் தூசி பறப்பதும் குறையும், ஒழுக்கையும் எளிதில் அடைக்கலாம்.

வெளிக்காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகமாகப் புகை மேலே இழுபடும். 30 பாகை வெக்கையில் அந்த இழுவை இயல்பாகவே குறைவு என்பதால், குழாய் நேராகவும் உயரமாகவும் இருப்பது குளிர்நாடுகளை விட நமக்கு முக்கியம். வளைவுகளைத் தவிர்த்தால் பணமும் மிஞ்சும். விட்டம் அடுப்பு வாயை விடச் சிறுத்தால் புகை குசினிக்குள் திரும்பும். அதோடு மணமில்லாத கார்பன் மொனொக்சைட்டும் வரும். பெருத்தால் புகை குளிர்ந்து உட்சுவரில் தாராகப் படியும், பிறகு அந்தத் தார்தான் தீப்பிடிக்கும். உச்சி, கூரையைத் தொடும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் எதையும் விட இரண்டடி மேலே நிற்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களை எண்ணி இழுகம்பி கட்டுவதும் அவசியம்.

பொருத்தும்போது ஒவ்வொரு மேல்துண்டின் ஒடுங்கிய முனையும் கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தார் பொருத்துகளின் வழியே வெளியே வடியும். தகர வேலைக்காரர்கள், மேல்தகட்டைக் கீழ்த்தகட்டின் மேல் மூடும் கூரை வேலைப் பழக்கத்தில் இதை மாற்றிச் செய்ய வாய்ப்புண்டு என்பதால் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று திருகாணி. அடுப்பின் பின்பக்கத்திலிருந்து குழாய் புறப்பட்டால் வளைவுக்குப் பதிலாக அடியில் மூடி வைத்த, T எழுத்து வடிவிலான 'டீ' துண்டைக் கேளுங்கள். சற்று விலை கூடினாலும், மாரி தொடங்குமுன் அந்த மூடியைக் கழற்றி, கம்பித் தூரிகையால் இடித்த கரியை ஒரு வாளியில் இறக்கிவிடலாம்.