ஆபரேஷன் முடிஞ்ச முயல் ஏன் இன்னும் ஏறுது? எங்க வீட்டு அனுபவம்

ரெண்டு முயலுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, அப்புறமும் ஒன்னு மேல ஒன்னு ஏறுதே, டாக்டர் சரியா பண்ணலையான்னு சந்தேகப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க. நானும் அதே சந்தேகத்தோட டாக்டர் ரூம் வாசல்ல கூடையோட உக்காந்தவதான். எங்க வீட்ல என்ன நடந்துச்சு, எதுக்கெல்லாம் பயந்தோம், அதுல எது வீண் பயம்னு எழுதுறேன். கொஞ்சம் பச்சையாவே இருக்கும், முயல் வளக்கிறவங்க இதுல கூச்சப்பட்டா வேலைக்கு ஆகாது.

எங்க வீடு சென்னைல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். குண்டு, அல்லின்னு ரெண்டு முயல். கடைக்காரர் ரெண்டுமே பொட்டைன்னு சொல்லித்தான் குடுத்தார். குட்டில பாத்து சொல்றது கஷ்டம்தான், ஆணுக்கு விதை கீழ இறங்கவே ரெண்டரை மூணு மாசம் ஆகும், இறங்கினதும் பயந்தா உள்ள இழுத்துக்கும். நாலாவது மாசம் வாக்குல குண்டு என் காலை சுத்தி சுத்தி வர ஆரம்பிச்சான், மூக்குல "ம்ங் ம்ங்"னு ஒரு சத்தம், சோஃபா கவர், அப்பாவோட வேட்டி, ஹால் சுவர்னு எங்க பாத்தாலும் பீச்சி அடிச்ச மூத்திரம், அதோட நாத்தம் இருக்கே, ஃபினாயில் போட்டு தொடச்சாலும் மூணாம் வீட்டுக்காரங்க கேப்பாங்க. டாக்டர்கிட்ட தூக்கிட்டு போனா புரட்டிப் பாத்துட்டு சிரிச்சாங்க, "இவன் பையன்மா." அன்னிக்கே ரெண்டையும் தனித்தனி ரூம்ல போட்டோம்.

முயலுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் கிடைக்கிறதுதான் முதல் தலைவலி. நாய் பூனைக்கு தெருவுக்கு தெரு கிளினிக் இருக்கு. முயல்னா பாதி பேர் "இதுக்கெல்லாம் யாரும் பண்றதில்லைம்மா"ன்னுடறாங்க. ஒரு இடத்துல முந்தின நாள் நைட்டுலேருந்து எதுவும் குடுக்காதீங்க, பட்டினியா கொண்டு வாங்கன்னாங்க, அங்கயே எனக்கு நம்பிக்கை போச்சு. முயலால வாந்தி எடுக்கவே முடியாது, அதனால அந்த பட்டினிக்கு அர்த்தமே இல்ல, மாறா வயித்துல புல்லு ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா குடல் நின்னுடும். கடைசில தேடி ஒருத்தர பிடிச்சோம், அவங்க ஆபரேஷனுக்கு முன்னாடி வரைக்கும் புல்லு போடுங்க, முடிச்சு எழுந்ததும் சாப்பிட வெக்க வீட்லேருந்து அதுக்கு பிடிச்சதா எடுத்துட்டு வாங்கன்னாங்க. கோயில் வாசல்ல பிள்ளையாருக்கு விக்கிற அருகம்புல்லதான் ஒரு கட்டு வாங்கிட்டு போனேன். டாக்டர் தேடுறவங்களுக்கு இது ஒன்னு போதும், பட்டினி போடச் சொல்றாங்களான்னு கேளுங்க, சொன்னா வேற இடம் பாருங்க.

குண்டு ஆபரேஷன் சீக்கிரம் முடிஞ்சுது. மெலாக்சிகம் வலி மருந்து, சாயங்காலமே புல்லு கடிச்சான், புழுக்கை போட்டான். இந்த புழுக்கைய எண்ணிப் பாக்குற அளவுக்கு நாங்க போயிட்டோம்னா பாத்துக்கோங்க, அம்மா ஃபோன் பண்ணா "சாப்ட்டியா"ன்னு என்னை கேக்க மாட்டாங்க, "புழுக்கை போட்டானா"ம்பாங்க.

இங்கதான் விஷயமே. ஆபரேஷன் முடிஞ்சு காயமெல்லாம் ஆறிடுச்சு, ஆனா பய இன்னும் அதே மாதிரி என் செருப்பு மேல, டெடி பொம்மை மேல ஏறுறான், ஏறி முடிச்சு சைடுல பொத்துனு விழுறான். டாக்டர்கிட்ட கேட்டா, "ஃபேன் ஸ்விட்ச ஆஃப் பண்ணதும் நிக்குதா, சுத்திட்டுத்தானே நிக்கும்"னாங்க. உடம்புல இருக்கிற ஹார்மோன் வடியணும், அதுக்கு வாரக்கணக்குல ஆகும், சிலதுக்கு ரெண்டு மாசம் கூட ஆகலாம். அத விட முக்கியம், விதை எடுத்த பின்னாடியும் குழாய்ல மிச்சம் இருக்கிற விந்தணுவால 4லேருந்து 6 வாரம் வரைக்கும் சினையாக்கிட முடியும். அதனால ஆபரேஷன் ஆயிடுச்சேன்னு உடனே பொட்டை கூட விட்டுடாதீங்க. நாங்க அந்த கணக்கு தாண்டி, இன்னும் கொஞ்ச நாள் சேத்து வெச்சுத்தான் ரெண்டையும் ஹால்ல ஒன்னா விட்டோம்.

விட்டதும் ஏறினான். அல்லி அசையாம நின்னா. சரி ஒன்னும் ஆகாதுன்னு இருந்தோம். கொஞ்ச நாள் கழிச்சு அல்லி வாய் நிறைய புல்ல கொத்தா கவ்விக்கிட்டு, மீசை மாதிரி ரெண்டு பக்கமும் தொங்க, கட்டிலுக்கு அடில ஓடறா, நெஞ்சு முடியயும் தாடை அடி முடியயும் அவளே பிடுங்கி பிடுங்கி கூடு கட்றா. அம்மா பதறிட்டாங்க, "ஏன்டி, ஆபரேஷன்னு காச வாங்கிட்டு ஏமாத்திட்டாங்களா?" அது பொய்ச் சினை. பூனை மாதிரியே பொட்டை முயலுக்கும் ஆண் தன் மேல ஏறினாத்தான் கருமுட்டை வெளிய வரும், ஏறுனது ஆபரேஷன் ஆன ஆணா, ஏன் இன்னொரு பொட்டையா இருந்தா கூட அந்த உடம்புக்கு தெரியாது, கரு இல்லாமலே சினைன்னு நினைச்சுக்கும். நிஜ சினைன்னா 30, 32 நாள் போகும், பொய்ச் சினை 16லேருந்து 18 நாள்ல தானா அடங்கிடும். அந்த நாள்ல அவ கூட்ட கலைக்காதீங்க, கை வெச்சா உறுமிக்கிட்டு முன்னங்கால்ல அடிப்பா, எனக்கு ரெண்டு கைலயும் கோடு கோடா வாங்கின அனுபவம் உண்டு.

அதுக்கப்புறம் அல்லிக்கும் பண்ணோம். பொட்டைக்கு வயித்த திறக்கணும், செலவும் கூட, ஆறவும் நாளாகும், அதனால வீட்ல நிறைய யோசிச்சாங்க. டாக்டர் ஒரே வார்த்தை தான், பண்ணாத பொட்டை முயலுக்கு வயசாக ஆக கர்ப்பப்பை கேன்சர் வர வாய்ப்பு ரொம்ப அதிகம்னாங்க, அதோட பேச்சு முடிஞ்சுது.

சரி, ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சு, இனி நிம்மதின்னு பாத்தா இப்போ அல்லி குண்டு மேல ஏறுறா! அதுவும் தலைப்பக்கமா. பொட்டை ஏறுறத பாத்ததும் எனக்கு சிரிப்பு தாங்கல, அப்புறம் டாக்டர் சொல்லித்தான் புரிஞ்சுது, இது குட்டி போடுற ஆசை இல்ல, வீட்ல யார் பெரிய ஆளுன்னு தீத்துக்கிற பஞ்சாயத்து. புது ஜோடி சேரும்போது இது பெரும்பாலும் நடக்கும், ரெண்டுல எது வேணா ஏறும், கீழ இருக்கிறது தலைய தரைல ஒட்டி படுத்துட்டா விஷயம் முடிஞ்சுது, அது ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். இத நாம பிரிச்சு பிரிச்சு விட்டா தீராமலே இழுத்துக்கிட்டு போகும். கொஞ்ச நேரம் விடணும். ஆனா தலைப்பக்கம் ஏறினா உடனே நகத்தி பின்னாடி திருப்பி விட்டுடுங்க, கீழ இருக்கிறது கடிச்சா அடி எங்க படும்னு சொல்ல வேணாம், ஆண் முயலுக்கு அது பெரிய காயமா போயிடும்.

பண்ணைல இணை சேக்கிறவங்க பொட்டையத்தான் ஆணோட கூண்டுக்கு கொண்டு போவாங்க, ஆண அவ கூண்டுல விட்டா என் இடம்னு கடிச்சு விரட்டிடுவா. நம்ம ஊர்ல முயல்னாலே கறி, குட்டி விக்கிறதுங்கிற கணக்குதான், கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய அரசு ஆராய்ச்சிப் பண்ணையே இருக்கு, ஆனா ஆபரேஷன் ஆன ரெண்டு முயல் வீட்டுக்குள்ள எப்படி சேந்து வாழும்னு சொல்லித்தர ஆள் இல்ல. இருந்தாலும் அந்த பண்ணை வழக்கத்துலேருந்து எனக்கு ஒன்னு பிடிபட்டுச்சு, இடம் யாரோடதுங்கிறதுதான் சண்டையே. அதனால ரெண்டு பேரும் கால் வெக்காத இடமா பாத்தோம். ஹால் அல்லியோடது, பால்கனி குண்டோடது, மிச்சம் இருந்தது கிச்சன் பக்கத்துல பாத்திரம் தேய்க்கிற இடம்தான். தரைல பழைய பாய் விரிச்சு, நடுவுல கொத்தமல்லி போட்டு, அங்கதான் தினமும் கொஞ்ச நேரம் விட்டோம். மத்த நேரம் பக்கத்து பக்கத்து கம்பி வேலி, நடுவுல மூக்கு எட்டாத அளவு இடைவெளி, ஒருத்தரோட மூத்திர ட்ரேய இன்னொருத்தருக்கு மாத்தி வெச்சு வாசனை பழக்கினோம். மே மாசம்ங்கிறதால விடிகாலைல மட்டும், ஃப்ரீசர்ல வெச்ச தண்ணி பாட்டில துணி சுத்தி பக்கத்துல போட்டு, ஏன்னா சென்னை வெயில்ல துரத்திப் பிடிச்சு விளையாடினா முயலுக்கு சூடு ஏறி உயிரே போயிடும்.

துண்டு ஒன்னு கைல எப்பவும் இருக்கட்டும். ஏறுறது, கொஞ்சம் துரத்துறது, ஒரு முடிக்கொத்து பறக்குறது, இதெல்லாம் விடலாம். ரெண்டும் ஒன்னோட வால ஒன்னு பிடிக்கிற மாதிரி வேகமா வட்டம் அடிச்சுதுன்னா அடுத்தது ரத்தம்தான், துண்ட நடுவுல போட்டு பிரிங்க, வெறும் கைய விடாதீங்க.

இப்போ ஒரே ட்ரேல படுக்குதுங்க, அல்லி தலைய நீட்டினா குண்டு நக்கி விடுறான். ஏறுறது முழுசா நிக்கல, கொத்தமல்லி கவர் சத்தம் கேட்டாலோ, ரூம மாத்தி வெச்சாலோ ஒரு தடவை நடக்கும், அவ நகந்து போயிடுவா. இத நாங்க கண்டுக்கிறதில்ல. ஆனா மாசக்கணக்கா அமைதியா இருந்த ஜோடில ஒன்னு திடீர்னு விடாம ஏற ஆரம்பிச்சா, இல்ல பொட்டை திரும்பவும் முடி பிடுங்கி கூடு கட்டினா டாக்டர்கிட்ட காட்டுங்க, கருப்பை எடுக்கும்போது முட்டைப்பை துண்டு உள்ள தங்கியிருக்கலாம், ஆண்னா இறங்காத விதை ஒன்னு வயித்துக்குள்ளயே இருக்கலாம், இல்லன்னா ஒன்னுக்கு உடம்பு சரியில்லாம மத்தது அதோட இடத்த பிடிக்கப் பாக்குதா இருக்கும். போகும்போது ரெண்டையும் ஒரே கூடைல கொண்டு போங்க, ஒன்ன மட்டும் கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசனையோட திரும்ப விட்டா பஞ்சாயத்து மொதல்லேருந்து ஆரம்பிக்கும்.