யொட், ஏ, உப்சிலோன்: ஜெர்மன் எழுத்துகள் வசப்பட்ட கதை

ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி சுய அறிமுகத்தோடு தொடங்கும். பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்ன பிறகு, ஏதாவது ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். பெரும்பாலும் நம் பெயரைத்தான். அதனால் வகுப்பின் முதல் வாரமே எழுத்துகளில் இறங்கினோம். தெரிந்த 26 எழுத்து, அப்புறம் மேலே புள்ளி வைத்த மூன்று, ‘எஸ்செட்’ (ß) ஒன்று. இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது.

புது எழுத்துகளைவிட, தெரிந்த எழுத்துகள்தான் படுத்தின. என் பெயர் ஜெயவேணி. ஜெர்மனில் அது யொட் (J), ஏ (E), உப்சிலோன் (Y) என்று தொடங்கும். வேகமாகச் சொல்லும்போது ஆங்கிலப் பழக்கம் வந்துவிடும். நான் ‘ஈ’ என்றேன். ஆசிரியர் பலகையில் ஆங்கில ‘ஐ’யை எழுதினார். ‘ஏ’ என்றேன், ஆங்கில ‘ஈ’யை எழுதினார். முடித்தபோது அங்கே இருந்தது வேறு யாரோ ஒருவரின் பெயர்.

அன்று இரவு a, e, i, o, u என்ற ஐந்து உயிரெழுத்துகளின் ஜெர்மன் பெயர்களைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. ஐந்தும் நம் நெடில்கள்! ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழ் வழியாகப் போயிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். குறில் நெடிலும் அப்படித்தான். ‘பெட்’ என்றால் படுக்கை, ‘பேட்’ என்றால் தோட்டத்துப் பாத்தி. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் தமிழ் நாக்கு ஏமாற்றும். மெய் இரட்டித்திருந்தால் நாம் அழுத்திவிடுவோம். ‘வா’ என்ற வினையை ‘கொம்மென்’ என்றுதான் படித்தேன், அது ‘கொமென்’. முன்னால் இருப்பது குறில் என்று காட்டத்தான் அந்த இரட்டை.

‘வே’ என்பது W, அதன் ஒலி ‘வ’; ‘ஃபவ்’ என்பது V, அதன் ஒலி பெரும்பாலும் ‘ஃப’. இந்தக் குழப்பத்தை ஒரு காரின் பெயர் தீர்த்தது. ஃபோல்க்ஸ்வாகன் என்று ஒரு முறை சரியாகச் சொன்னால் இரண்டும் மனதில் நிற்கும்.

புள்ளி வைத்த ‘ஊ’வுக்குக் (ü) கண்ணாடி வேண்டியிருந்தது. ‘ஈ’ என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். நாக்கும் கூடவே பின்னால் ஓடும். பல் தேய்க்கும்போதெல்லாம் பழகி, பத்தாம் நாள்தான் வந்தது. ‘நான்’ என்பதற்கான ‘இஹ்’ இன்னும் கடினம். ‘இஷ்’ என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் தேவாலயமும் (Kirche) செர்ரிப் பழமும் (Kirsche) அந்த ஒரே ஒலியில்தான் பிரிகின்றன. குரல் இல்லாமல் காற்றால் மட்டும் ‘ய’ சொல்லிப் பாருங்கள் என்றார் ஆசிரியர். அதுதான் கைகொடுத்தது.

தொலைபேசியில் பெயர் சொல்ல, எழுத்துக்கு ஒரு சொல் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். யூலியுஸ், எமில் என்று போகும் பழைய பட்டியலில் என் ‘ணி’க்கு நோர்ட்போல் (N), ஈடா (I). N எழுத்துக்கு முதலில் ‘நாதான்’ என்றுதான் இருந்ததாம். அது யூதப் பெயர் என்பதால் 1934இல் நாஜிகள் எடுத்துவிட்டு ‘வட துருவம்’ என்று மாற்றியிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு நோர்ட்போல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022இல் வந்த புதிய பட்டியலில் ஊர்ப்பெயர்கள். அங்கே அந்த எழுத்துக்கு நியூர்ன்பெர்க். தேர்வறையில் அதைத்தான் சொன்னேன், உதட்டை நன்றாகக் குவித்து.