ஆபீசில் மீந்த சிஎம்4, வீட்டில் சர்வர்

ஒரு தொழிற்சாலைக் கருவிக்கு மாதிரி போர்டு செய்ய ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாடியூல் 4 (சுருக்கமாக சிஎம்4, வேறு போர்டில் பொருத்திப் பயன்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர்) வாங்கியிருந்தோம். டிசைன் வேறு சிப்புக்கு மாறியதும் சில மாடியூல்கள் மீந்துவிட்டன. 2021, 22-இல் இதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, இதை இழுப்பறையில் சும்மா போட்டுவைக்க மனசு வராது. ஆபீசில் கேட்டு, ஒன்றை, அதைப் பொருத்தி கேபிள்கள் செருகுவதற்கான ஐஓ போர்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

4 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி, அதாவது மாடியூலிலேயே இருக்கும் சேமிப்பு சிப். எனக்கு இது எஸ்டி கார்டில் ஓடும் சாதாரண ராஸ்பெர்ரி பையைவிடப் பிடிப்பதற்குக் காரணமே இந்த இஎம்எம்சிதான். இரவும் பகலும் லாக் (செயல்பாட்டுப் பதிவு) எழுதிக்கொண்டே இருக்கும் மெஷினில், அதுவும் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், எஸ்டி கார்டை நம்ப முடியாது.

முதலில் ஓஎஸ் ஏற்றுவதில்தான் பலர் திணறுகிறார்கள். இஎம்எம்சி உள்ள மாடியூலில் ஐஓ போர்டின் எஸ்டி ஸ்லாட் வேலை செய்யாது. போர்டில் ஜே2 என்று குறித்த இடத்தில் இஎம்எம்சி பூட்டை நிறுத்தும் இரண்டு பின்களில் ஜம்பர் மாட்டி, மைக்ரோ யூஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகி, அப்புறம் பவர் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் ஆர்பிஐபூட் என்ற புரோகிராமை ஓட்டினால் மாடியூல் ஒரு பென் டிரைவ் போலத் தெரியும். ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற புரோகிராமில் ஓஎஸ்ஸை எழுதி முடித்ததும் ஜம்பரைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இஎம்எம்சியில் ஓஎஸ் மட்டும். அது மாடியூலிலேயே சால்டர் செய்தது, போனால் போனதுதான். போட்டோக்கள் எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அடாப்டர் வைத்து மாட்டிய என்விஎம்இ டிஸ்கில் (வேகமான எஸ்எஸ்டி) இருக்கின்றன. போர்டில் இருப்பவை மெதுவான யூஎஸ்பி 2.0 போர்ட்டுகள், அதனால் டிஸ்கை யூஎஸ்பியில் மாட்டவில்லை.

ஐஓ போர்டுக்கு வேண்டியது 12 வோல்ட். ரௌட்டருக்கென்று விற்கிற மினி யூபிஎஸ்ஸே போதும், தனி இன்வெர்ட்டர் வேண்டாம். டிஸ்கோடு சேர்த்து 6 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்கூட ஆகாது. பழைய டெஸ்க்டாப் ஒன்றை 60 வாட்டில் ஓடவிட்டால் 86 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

இப்போது அந்த சர்வரில், வீட்டு நெட்வொர்க் முழுக்க விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும், கருவிகளுக்கிடையே ஃபைல்களைத் தானாக நகலெடுக்கும் சிங்க்திங்கும் ஓடுகின்றன. அம்மா போனில் எடுக்கும் படங்கள், வீட்டு வைஃபையில் சேர்ந்ததுமே டிஸ்குக்கு வந்துவிடுகின்றன. மாடித் தோட்டத்தில் பூத்த ஒவ்வொரு செம்பருத்தியும் அதில் இருக்கிறது. போன் தொலைந்தாலும் அவை போகாது என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. யூட்யூப் விளம்பரத்தைப் பை-ஹோல் நிறுத்தாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் பைபர் இணைப்பில் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக வீட்டுக்கு வர உதவும் இணைய முகவரி) கிடையாது, அதனால் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் வழியாக வந்து படங்களைப் பார்க்கிறாள்.

உங்களிடம் பழைய சிஎம்3 இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். 1 ஜிபி ரேம்தான், ஈதர்நெட்டும் கிடையாது. யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று மாட்டினால் பை-ஹோலுக்குத் தாராளமாகப் போதும். சிஎம்3 பார்க்க லேப்டாப் ரேம் மாதிரியே இருக்கும், ஆனால் லேப்டாப் ஸ்லாட்டில் மட்டும் செருகிவிடாதீர்கள்.