சீத்தாப் பூவுக்கு ஒரு தூரிகை

எங்கள் வீட்டுச் சீத்தா மரத்துக்கு இது ஐந்தாவது வருடம். மூன்று வருடமாகக் கிளை கொள்ளாமல் பூக்கிறது. ஆனால் போன வருடம் கிடைத்தது நான்கே காய். அதிலும் இரண்டு ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிப் போனவை. சத்துக் குறைவு என்று நினைத்து எருவைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். குறை பூவுக்குள் இருந்தது.

சீத்தாப் பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. இதழ் லேசாகப் பிரியும்போது பெண் பகுதி முதிர்ந்து பிசுபிசுப்பாக இருக்கும். இதழ் நன்றாக விரிந்து மகரந்தம் உதிர்கிற நேரத்தில் அந்தப் பிசுபிசுப்பு காய்ந்துவிடும். மகரந்தம் சேர்க்கிற வேலையைச் செய்பவை மிகச் சிறிய வண்டுகள். அவை குறைந்தால் காயும் குறையும்.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். இதழ் விரியத் தொடங்கிய பூக்களைச் சாயங்காலம் பறித்து ஒரு காகிதத்தில் பரப்பி வைத்தேன். விடிந்ததும் பார்த்தால் காகிதத்தில் வெளிர்நிறத் தூள் உதிர்ந்திருந்தது. மகளின் ஓவியத் தூரிகையை எடுத்துக்கொண்டு ஆறரை மணிக்கு மரத்தடிக்குப் போனேன். பாதி திறந்த பூவைப் பிடித்து ஓர் இதழை மெல்ல விலக்கினால், நடுவில் மிளகு அளவில் ஒரு வெண்கூம்பு, ஈரம் பட்டதுபோல் மினுங்கும். தூளைத் தொட்ட தூரிகையை அதைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் போதாது. பழத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு கண்ணும் தனித்தனிச் சூலகத்திலிருந்து வருகிறது, மகரந்தம் சேராத பக்கம் வளராது. போன வருடத்துச் சூம்பிய காய்களுக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

காலையில் தடவிய 22 பூக்களுக்கு அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டினேன். அவற்றில் 9 பிஞ்சு பிடித்தன. ஒருநாள் எழுந்திருக்கத் தாமதமாகி, பத்து மணி வெயிலில் செய்த ஆறு பூக்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. அதற்குள் பிசுபிசுப்பு உலர்ந்திருந்தது.

அப்புறம் ஒவ்வொரு கொடியையும் இதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பூசணியில் வேலை எளிது: பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண், மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண். காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டுப் பெண் பூவின் நடுவில் தேய்த்தால் போதும். புடலை இருட்டிய பிறகுதான் நூல் நூலாக வெள்ளைப் பூவை விரிக்கிறது. அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. அதனால் பந்தல் பக்கத்து விளக்கை இரவில் அணைத்துவிடுகிறோம். முருங்கையில் ஏற்றிய மிளகுக்கு என் உதவியே வேண்டாம். தொங்கும் சரத்தில் வழியும் மழைநீரே மகரந்தத்தைக் கீழே கொண்டுபோய்விடும். மரநிழலில் இருக்கும் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் இந்தக் கவலையே இல்லை, நமக்கு வேண்டியது கிழங்குதானே.

நூல் கட்டிய ஒன்பதில் இப்போது ஏழு காய் நிற்கின்றன. எல்லாம் நான்கு பக்கமும் ஒரே சீராக உருண்டிருக்கின்றன. அடிக்கிளையில் இருக்கும் ஒன்றில் கண்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வெளுக்கத் தொடங்கியிருக்கிறது, அதாவது பறிக்கும் பருவம் நெருங்கிவிட்டது. அணிலுக்கு முந்த வேண்டும் என்பதால் நேற்றே அதற்கு வலைப்பை கட்டிவிட்டேன்.