கண்மாய்க் கரையும் பூட்டிய வீடுகளும்: எங்கள் ஊரை மழைக்காலத்துக்கு ஆயத்தப்படுத்திய அனுபவம்

பணி ஓய்வுக்குப் பிறகு, காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள எங்கள் பூர்வீக ஊருக்கே குடிவந்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஊருக்கென்று ஒரு பேரிடர் ஆயத்தத் திட்டம் எழுதித் தர வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் அந்த வேலையை ஏற்றேன். செட்டிநாட்டின் மற்ற ஊர்களில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் எடுத்துப் படித்தது மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. மாவட்டத்தில் எந்தெந்தப் பகுதிகள் எந்த இடருக்கு ஆளாகக்கூடியவை, எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டியது அந்த ஆணையத்தின் கடமை. தமிழ்நாட்டில் பாதிப்புக்குள்ளாகும் இடங்களை மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். உங்கள் ஊர் இவற்றில் எதில் வருகிறது, அல்லது வரவே இல்லையா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் ஊர் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியல் என்பது மாவட்டம் முழுவதையும் ஒரு மேசையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கானது. நம் தெருவில் தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதை நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வைகையே தெளிவான எடுத்துக்காட்டு. 71 அடி உயரமுள்ள வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படுகின்றன. எச்சரிக்கை பெறும் மாவட்டங்களில் சிவகங்கையும் இருப்பதால், செய்தி வந்த உடனே சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் உறவினர்கள் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வைகையோ திருப்புவனம், மானாமதுரை வழியாகச் செல்கிறது. அதன் வெள்ளம் எங்கள் ஊரைத் தொடுவதில்லை. எங்களுக்கு வரும் ஆபத்து அணையிலிருந்து வருவதல்ல, செம்பூராங்கல் மேட்டில் பெய்த மழையால் ஒரு கண்மாய் (பாசன ஏரி) நிறைந்து, மிகுநீர் மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாயை நிறைத்து, சங்கிலித் தொடராக இறங்கி வரும்போது மேலே உள்ள ஒரு கரை உடைந்தால் வருவது. அப்போது அந்தக் கண்மாயின் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழே இருக்கும் கண்மாயின் மேல் விழுகிறது. அதன் கலுங்கு (மிகுநீர் வழிந்து வெளியேறும் வாய்) எவ்வளவு அகலமாக இருந்தாலும் அத்தனை நீரையும் கடத்திவிட முடியாது.

ஆகவே, எங்கள் கண்மாயில் பல ஆண்டுகள் நீர்பாய்ச்சியாக (வயல்களுக்குத் தண்ணீரைத் திறந்து பங்கிடுபவராக) இருந்த முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வழியே மேல் கண்மாய் வரை நடந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்தது அந்த நடைதான். கரையில் மண் உள்வாங்கியிருந்த இடம், மடைக்கதவு துருப்பிடித்துத் திருகாமல் நின்ற இடம், வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்த இடம், ஒருவர் தம் வேலியை நீர்வழிக்குள் நகர்த்திப் போட்டிருந்த இடம் எல்லாவற்றையும் கிராம வரைபடத்தின் நகலில் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். "கலுங்கு பாஞ்சா பயமில்லை ஐயா, கரை கசிஞ்சாத்தான் தூங்கக் கூடாது" என்று அவர் சொன்னதையும் அந்த வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

கசிவைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எங்களுக்கு மேலே உள்ள கண்மாய் ஒரு வகை, எங்களுடையது மற்றொரு வகை. இது தெரியாமல் நள்ளிரவில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தால் கரை காத்திருக்காது. இரு பக்கத்துப் பொறியாளர்களின் எண்களையும் கண்மாயின் பெயருக்கு நேராக எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சிதைத்துவிட்டு மேற்கே நகர்ந்தபோது எங்கள் பகுதியிலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. புயல் என்பது கடலோரத்துச் சங்கதி என்ற நினைப்பை அந்த ஒரு காலைப்பொழுது மாற்றியிருக்க வேண்டும். தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடற்கரை ஒரு மணி நேரப் பயணம்தான். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை, 2002ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய வரைபடம் இப்பகுதியை மிகக் குறைந்த இடருள்ள இரண்டாம் மண்டலத்தில் வைத்திருந்ததால், அதற்கு நாங்கள் அதிக நேரம் செலவிடவில்லை.

மற்ற வட்டாரங்களில் இல்லாத ஒரு சிக்கல் செட்டிநாட்டில் உண்டு. தெருவின் இந்த முனையிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. திருமணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும்தான் திறக்கப்படுகின்றன. நம் முன்னோர் மழையை அறிந்தே இவற்றைக் கட்டினார்கள். உயர்ந்த அடித்தளமும், வளவுக்குள் (வீட்டின் நடு முற்றத்துக்குள்) மழைநீரை இறக்கி வெளியேற்றும் வழியும், தெரு வாய்க்கால் ஊருணியில் சேரும் அமைப்பும் அதற்குச் சான்று. ஆனால் பராமரிக்க ஆள் இருந்தால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். ஓட்டுச் சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில் வேப்பிலை அடைத்துக்கொண்டால், தண்ணீர் பர்மாத் தேக்கு உத்திரத்தின் மேல் நின்று அதன் முனையை உளுக்கச் செய்கிறது. சுண்ணாம்புச் சுவரில் விழுந்த வெடிப்பைச் சிமெண்டு வைத்து மூடினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றிச் சுவரைக் கரைக்கிறது. ஒரு பெருமழையில் இப்படிப்பட்ட சுவர் சரிந்தால் அடியில் அகப்படுபவர் வீட்டுக்காரர் அல்லர், சந்தில் நடந்து போகும் பள்ளிப் பிள்ளை. இதை நினைத்தபோதுதான் என் மனம் உண்மையில் கலங்கியது.

ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரிப்பதற்கே பெரும் பொறுமை வேண்டியிருந்தது. பங்காளிகள் பலர் பங்கு வைத்திருக்கும் வீட்டில் ஒருவர் சம்மதித்தால் மற்றொருவர் யோசிக்கிறார். வீட்டின் உரிமை பற்றி நாங்கள் பேசவில்லை என்றும், மழைக்கு முன் கூடல்வாயையும் வளவுத் தூம்பையும் சுத்தம் செய்யவும், ஆபத்து நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து கதவைத் திறக்கவும் மட்டுமே அனுமதி கேட்கிறோம் என்றும் எழுதி அனுப்பிய பிறகு பெரும்பாலோர் இசைந்தார்கள். தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்த சுவர்களுக்கு முட்டுக் கொடுக்க உரிமையாளர்களே பணம் அனுப்பினார்கள். வீட்டுக் காப்பீடு பற்றியும் சிலர் கேட்டார்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன; புயல், வெள்ளம், இடி, நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் வீடு பூட்டியிருக்கிறது என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அது தொடர்பான நிபந்தனையைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் வலியுறுத்தினேன்.

திறந்திருக்கும் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியோர். தனியாக இருக்கும் ஆச்சிமார், படுக்கையில் இருப்போர், இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்திருப்போர் ஆகியோரின் பட்டியலை ஆஷா பணியாளரின் உதவியோடு தயாரித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞர் பொறுப்பு. "தம்பி, நான் வீட்டை விட்டு எங்கும் வர மாட்டேன்" என்று உறுதியாகச் சொன்ன ஆச்சி ஒருவருக்கு, அவர் வீட்டிலேயே மேல்மாடியில் ஓர் அறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தோம். பிடிவாதத்தோடு வாதாடுவதைவிட அது மேல் என்பது என் கருத்து. தங்குமிடமாகப் பள்ளிக்கூடத்தைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். பள்ளி தாழ்வான இடத்தில் இருக்கிறது. நகரத்தாரின் பொது விடுதியான நகர விடுதியோ உயரமான அடித்தளத்தில், கிணறும் கழிவறையும் ஜெனரேட்டரும் உள்ள இடம். அதனால் விடுதியையே தேர்ந்தெடுத்தோம்.

எச்சரிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மாலைக் கூட்டம் போதுமானதாக இருந்தது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்த உடனே கரைக்காவலுக்கு ஆள் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். மாநில அரசின் டி.என். அலர்ட் செயலியையும், இடி மின்னலை முன்கூட்டிச் சொல்லும் தாமினி செயலியையும் இளைஞர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. வயல்வெளியில் வேலை செய்வோருக்கு மின்னல்தான் உடனடி ஆபத்து என்பதால், இடிச்சத்தம் கேட்டதும் மரத்தடிக்குப் போகாமல் கட்டடத்துக்குள் போக வேண்டும் என்பதையும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது என்பதையும் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களிடம் தனியாகப் பேசினோம்.

மழைக்கான திட்டம் இப்போது கையில் இருக்கிறது. வறட்சியும் வெயிலும் இந்த மண்ணின் நெடுநாளைய துன்பங்கள் என்றாலும், அவற்றுக்கான பகுதியை இன்னும் எழுதவில்லை. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், அதே முதியோர் பட்டியலை வைத்துப் பங்குனிக்குள் அதையும் முடித்துவிட எண்ணியுள்ளோம். வரத்துக்காலில் உள்ள வேலியை அகற்றக் கோரும் மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். நில அளவையர் வந்து கல் நடும் நாளில் நீர்பாய்ச்சி ஐயாவும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.